மேகமா, திரையா?

போன மாதம் ஓவிய ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்றவர்களை வருஷத்துக்கு ஒரு முறை தூசி தட்டி எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். பேச்செல்லாம் முடிந்ததும், புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, "வீடு, வேலை, ஓவியம் மூணையும் எப்படி டீச்சர் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நேரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் எல்லாம் முடியும் என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போது எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் உண்மையான கவலையோடு கேட்டாள். நான் மேடைக்கு ஏற்றதைச் சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றில் இரண்டைத்தான் நான் சமாளித்தேன். மூன்றாவது எப்படிப் போனது என்று எழுதிவிடுகிறேன். அவள் எங்காவது இதைப் பார்த்தால் சரி.

நான் பிறந்தது புதுச்சேரியில், மில் குடும்பத்தில். அப்பா நூற்பு, சித்தப்பா நெசவு, கட்டிக்கொண்டவர் அருளப்பனும் நெசவு. எங்கள் தெருவில் சோறு வடிப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் மில் சங்கைக் கேட்டுத்தான். செர்த்திபிக்கா என்று சொல்லப்பட்ட பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பை முடித்ததும், கன்னியர் மடத்துப் பூத்தையல் கூடத்தில் விட்டார்கள். துணியில் தைப்பதற்கு முன் பூக்களைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பது என் வேலை. அங்கிருந்த வயதான கன்னியர் ஒருவர் எனக்கு எண்ணெய் வண்ணம் குழைக்கவும் தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கலர் போடும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அப்போது கலர் போட்டோ என்றால் கையால் போட்ட கலர்தான். வெள்ளைக்காரத் துரைகள் குடும்பத்தோடு கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். போகிற துரைமார்களும், அவர்களோடு போகலாமா வேண்டாமா என்று தவித்த நம் ஆட்களும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே முன்கூடத்தில் கேமரா. உள்ளே வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரமாக என் மேஜை.

முதலாளியை எல்லாரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர் வைத்த பழக்கம். ஆனால் அவர் சுத்தமான தமிழர். பஞ்சகச்சமும் கோட்டும் போடுவார். என் வேலை ஒவ்வொன்றுக்கும் அவர் தீர்ப்புச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவார். கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலம் கட்டப் போய்விடுவார். சரியில்லை என்றால் திரும்பி வந்து, படத்தைக் கவிழ்த்து என் மேஜையில் வைப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதங்களில் கவிழ்ந்த படங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷர் மேல் எனக்கு அப்போது கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கண் பழகியது அவரால்தான்.

வேலை முறை இதுதான். படம் பழுப்பு நிறத்தில் என்னிடம் வரும். டர்பன்டைன் தொட்ட பஞ்சை அதன்மேல் ஒரு முறை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கலர் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். தென்னங்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு முதலில் தோல் நிறம், பிறகு கன்னம், உதடு. அப்புறம் புடவை, கரை. நகை கடைசி. எல்லாருக்கும் உள்ளதைவிட ஒரு பிடி சிவப்பாக இருக்க ஆசை. அந்த ஒரு பிடியோடு நிறுத்தத் தெரிந்தவர்தான் கலர்காரர்.

இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் படம் என்றால் பின்னால் திரை எழுத வேண்டும். அரக்குச் சிவப்பில், மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் குஞ்சம் தொங்க. இறந்துபோனவர்கள் படம் என்றால் மேகம். இளநீலத்தில், தோளிலிருந்து ஆள் மெல்லக் கரைவது போல. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் இருக்கிற படத்தின் பின்னணியைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதரைப் பற்றி விசாரிப்பார்கள். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே "மேகமா, திரையா?" என்று கேட்டுவிடுவோம். சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நீலம் தனக்கு எடுப்பாக இருக்கும் என்று தன் படத்துக்கே மேகம் கேட்டார். அவர் பெண்சாதி விஷயம் தெரிந்து மூச்சு வாங்க ஓடிவந்து, "அந்த ஆளு கேட்டா நீ எழுதிடுவியா?" என்று என்னிடம் சண்டை போட்டுத் திரையாக்கிக்கொண்டு போனாள்.

இது பகல் வேலை. வீட்டில் நடந்தது வேறு. விடியும் முன் எழுந்து, அருளப்பனுக்குத் தூக்குவாளியில் சோறு போட்டு, பிள்ளைகளை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவேன். சாயங்காலம் வந்தால் திரும்ப அடுப்பு. மாமியார் பொல்லாதவர் இல்லை. "படம் எழுதறது ஒண்ணும் கெட்ட பழக்கம் இல்ல, ஆனா மீனு கருவுது" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை; மீன் கருகத்தான் செய்தது.

எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும். நான் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன். அடுத்த பூசைக்கு மாமியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் திரும்பி வரும்வரை தோட்டத்துப் பக்கம் வெளிச்சமும் நானும்தான். அப்போதுதான் மில் வாசலை எழுத ஆரம்பித்தேன்.

துணி அருளப்பன் கொண்டுவந்தது. மில்லில் கழித்துப் போட்ட காடாத் துணி, கெட்டி நெசவு. பழைய கதவு நிலையை உடைத்து அவரே சட்டம் அடித்து, துணியை இழுத்து ஆணி அறைந்தார். நான் வச்சிரப் பசை காய்ச்சித் தடவி, காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை பூசித் தேய்த்து, மறுபடி பூசினேன். தட்டினால் தப்பட்டை மாதிரி சத்தம் வரும். அவ்வளவு விறைப்பு. படம் அவர் நெஞ்சு உயரம் இருந்தது.

நான் எழுதியது சங்கு ஊதி ஷிப்டு மாறுகிற நேரம். இரண்டு தூண்களுக்கு நடுவே கூட்டம் வெளியே வருகிறது. நூல் பிரிவுப் பெண்கள் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். இருபது வயதுப் பெண்கூட அந்த நேரத்துக்குக் கிழவியாகத் தெரிவாள். வாசலைத் தாண்டியதும் முந்தானையால் தலையைத் தட்டிக்கொள்வார்கள், பஞ்சு பறக்கும், வயது திரும்பி வரும். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் அந்த வாசலில் நின்று நான் பார்த்தது அது. அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. கன்னம் சிவக்க வைக்காமல், யாரும் திரை கேட்காமல், என் இஷ்டத்துக்கு நான் செய்த ஒரே வேலை அது. தெருவில் இருந்த எல்லார் முகமும் அதில் வந்தது. அருளப்பன் பின்னால் நின்றுகொண்டு, "இவன் இவ்ளோ நல்லவன் கெடையாது, மூஞ்சிய கொஞ்சம் கெடுத்து உடு" என்று சொல்லிவிட்டுப் போவார். வாரத்துக்கு ஒரு முகம், சில வாரம் ஒரு மூக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் இல்லை. இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று பத்ரோன் வீட்டுக்கு வந்தார். மாமியார் கொடுத்த பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய்ப் படத்தைப் பார்த்தார். அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார். எட்டிப் போய் நின்றார். பலகாரத்தைச் சாப்பிட மறந்துவிட்டார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை அருளப்பன் உயிரோடு இருந்தபோதே அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் குப்பம்மாள் வந்தாள். மூலக்குளத்துப் பக்கம் நிலம் வைத்துப் பயிரிடுகிற குடும்பம். அவளுடைய மூத்த மகன் ராமலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குச் சண்டைக்குப் போனவன். சண்டை முடிந்து மற்ற சொல்தாக்கள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். அவன் திரும்பவில்லை. செத்தான் என்றும் எந்த அதிகாரியும் சொல்லவில்லை. வருஷங்கள் போய்விட்டன. இந்த ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் அவனுக்குக் காரியம் செய்துவிடுவதென்று குப்பம்மாள் முடிவுகட்டி, வீட்டில் மாலை போட ஒரு பெரிய எண்ணெய் வண்ணப் படம் வேண்டும் என்று வந்தாள்.

"கெனாவுல வந்து தண்ணி கேக்கறாம்மா. பெத்தவ எத்தினி நாளு கேட்டுக்கினே கெடப்பேன்? மேகமே போடுங்க" என்றாள்.

அவள் கொடுத்த போட்டோ கட்டைவிரல் அளவு. பட்டாளத் தொப்பி நெற்றியை மறைத்தது. தாடை மங்கிப் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து ராமலிங்கத்தின் பெண்சாதி பாஞ்சாலை தனியாக வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"அக்கா, படத்துக்குத் திரை போடுங்க. மேகம் போட்டு மாலையும் போட்டுட்டாங்கன்னா அன்னிக்கே என் தாலிய வாங்கிடுவாங்க. அவுரு செத்துட்டாருன்னு யாராச்சும் எழுதிக் குடுக்கட்டும், நானே கழட்டித் தரேன். மாமியாளுக்குக் கெனாவு வருது. எனக்கு வரல. செத்திருந்தா எனக்குல்ல மொதல்ல வரணும்?"

நான் பத்ரோனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்டர் குடுத்தது தாயாரு. மேகம்" என்றார்.

சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. அவ்வளவு பெரிய படத்துக்குத் துணி இல்லை. பிரான்சிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த சுருள் நின்றுபோயிருந்தது. மெட்ராசிலிருந்து வரவழைத்துச் சட்டம் அடித்து, வெள்ளை பூசிக் காயவைத்து எழுதுவதற்குள் அமாவாசை தாண்டிவிடும். பத்ரோன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "இந்த ஊர்ல காஞ்ச துணி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு ஞானம். ஒன்னுது" என்றார். கட்டாயப்படுத்தவில்லை.

அந்தச் சமயம் மில் மூடியிருந்தது. ஏதோ தகராறு, கதவடைப்பு. என் வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அருளப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் உடனே வேண்டாம் என்றிருப்பேன்.

"அதுக்கென்ன, குடுத்துடு" என்றார். "மில்லு தொறக்கட்டும், இத வுட நல்ல துணியா கொண்டாறேன். திரும்ப எழுதிக்கலாமே. வாசலு எங்க போவப்போவுது?"

வாசல் எங்கும் போகாது என்பது சரிதான். ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலை அவரே படத்தைச் சைக்கிள் கேரியரில் நிற்க வைத்துக் கட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மார்க்கெட் வரை தள்ளிக்கொண்டே வந்தார். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "என் பொஞ்சாதி எழுதுனது, ஸ்டூடியோவுல கேக்கறாங்க" என்று பெருமையாகச் சொன்னார். வேலையில்லாத நாளில் நம் வீட்டுப் பொருள் ஒன்று உபயோகப்படுகிறதே என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அவர் பின்னாலேயே நான் நடந்தேன்.

ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் எழுதுவதென்றால் சும்மா பூசிவிட முடியாது. பழைய வண்ணம் தடித்திருக்கும் இடமெல்லாம் புதிய படத்தில் மேடாகத் தெரியும். நுரைக்கல்லைத் தண்ணீரில் நனைத்து அந்த மேடுகளைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். என் படத்தில் தடித்திருந்தது முகங்கள்தான். திரும்பத் திரும்ப எழுதியது அவற்றைத்தானே. ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சாம்பல் நிறத் தண்ணீர் மேஜையில் ஓடியது. பத்ரோன் அன்று பகல் முழுக்க உள்ளே வரவில்லை. முகங்கள் போனதும், தூண்களும் உடம்புகளும் மிச்சமிருந்த அந்தத் துணிமேல் வெளிறிய சாம்பல் வண்ணத்தை மெல்லிசாக ஓட்டி மூடினேன். நான் அழவில்லை. அழுதிருந்தால் யாராவது நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

ராமலிங்கத்தின் முகத்துக்கு அந்தக் கட்டைவிரல் போட்டோ போதவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் கூடப்பிறந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்து எழுதுவது ஸ்டூடியோ வழக்கம். குப்பம்மாள் தன் இளைய மகன் கோவிந்தனை அனுப்பினாள். ஏரோட்டிக் கருத்த, கூச்சப்படுகிற ஆள். போட்டோவிலிருந்து தொப்பியும் கண்களும் சட்டையும். கோவிந்தனிடமிருந்து மூக்கு, தாடை, காது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு முகத்தைப் பிடிக்க வேண்டும். நாள் ஆக ஆகத் தம்பி பக்கம் சாய்ந்துகொண்டே போனேன். கண்முன் இருப்பவனைப் பார்க்கும்போது கை அவனைத்தானே எழுதும். எனக்கு அது தெரியவே இல்லை. நல்லபடியாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்ரோன் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். தலையைச் சுற்றி மேகத்தின் முதல் பூச்சைப் போட்டேன்.

அமாவாசைக்கு முந்தின வாரம் குப்பம்மாளும் பாஞ்சாலையும் ஒன்றாக வந்தார்கள். கோவிந்தனும் வந்து கதவோரம் நின்றான். துணியை விலக்கினேன்.

குப்பம்மாள் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "என் புள்ள" என்று உட்கார்ந்துவிட்டாள். பாஞ்சாலை அழவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய்த் தாடையைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். திரும்பிக் கதவோரம் நின்ற கோவிந்தனைப் பார்த்தாள்.

"அத்த, இது அவுரு இல்ல. நல்லாப் பாருங்க. இது நம்ம கோவிந்தன்."

"என்னாடி சொல்ற?"

"தொப்பிய கையால மறைச்சிட்டுப் பாருங்க. ஒங்க சின்ன புள்ள. சோத்தத் தின்னுட்டு இதோ நிக்குது. இதுக்குப் பின்னால மேகம் போட்டு மாலையும் போடப்போறீங்களா?"

குப்பம்மாள் எழுந்து போய்த் தொப்பியைக் கையால் மறைத்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். கோவிந்தனேதான். கோவிந்தன் ஒன்றும் புரியாமல் இரண்டடி உள்ளே வந்தான். அவன் தலை படத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றைச் சுற்றி மேகம்.

"அத அழிச்சுடும்மா" என்றாள் குப்பம்மாள் என்னிடம். "மேகத்த அழிச்சுடு. இப்பவே. நான் பாத்துக்கினே நிக்கறேன். ஒருத்தன வாரிக் குடுத்தது பத்தாதா?"

நான் பத்ரோனைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். டர்பன்டைன் பஞ்சால் மேகத்தைத் துடைத்துவிட்டு, அவள் கண்முன்னாலேயே அரக்கைக் குழைத்துத் தலையைச் சுற்றித் திரையைப் போட்டேன். தோள்வரை திரை வந்த பிறகுதான் அவள் மூச்சு சீரானது. ஆனால் படத்தை எடுத்துப் போக மாட்டேன் என்றுவிட்டாள். போனவன் சட்டையை இருப்பவன் போட்டுக்கொண்டிருக்கிற படத்தை எந்தத் தாய் வீட்டில் மாட்டுவாள்? அந்த வருஷம் காரியமும் செய்யவில்லை. மனசு பயந்துபோய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். கலர்காரியாக நான் செய்த பெரிய தப்பு பாஞ்சாலை கழுத்தில் தாலியை நிறுத்தி வைத்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

படம் ஸ்டூடியோ மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. சில வாரம் கழித்து பத்ரோன், "நீயே எடுத்துக்கோ" என்றார்.

எனக்குச் சட்டென்று ஓர் ஆசை வந்தது. மேலே இருந்த வண்ணம் இன்னும் முழுக்க இறுகவில்லை. கீழ்மூலையில் பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். அரக்கு வந்தது, சாம்பல் வந்தது, அடியில் மில் வாசலின் இடது தூண் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் சக்கரம். முகங்கள் போனது போனதுதான். ஆனால் வாசல் இருந்தது, கூட்டம் இருந்தது. முகங்களை மறுபடி எழுதிவிடலாம். எனக்குக் கை பரபரத்தது. அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தேன்.

மத்தியானம் பாஞ்சாலை வந்தாள்.

"அக்கா, அந்தப் படத்த எனக்குக் குடுப்பீங்களா? எங்க ஆத்தா ஊட்டுக்குப் போறேன். அங்க வெச்சுக்கறேன்."

"அது ஒன் கொழுந்தன்தானே பாஞ்சால? நீதானே சொன்ன?"

"தாடை கொழுந்தனுது. கண்ணு அவுருது. அந்தத் தொப்பி நெழலுல இருக்குது பாருங்க, அந்தக் கண்ணு. அது எனக்குப் போதும். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லக்கா. அந்தச் சின்ன போட்டாவும் மாமியா கிட்ட இருக்குது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதன் அடியில் என் படம் இருக்கிறது, எனக்கும் வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் புரிந்துகொண்டிருக்கவும் கூடும். நான் தூரிகையை எடுத்து மூலையைத் திருத்த உட்கார்ந்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இங்க என்னாக்கா, தூணு மாதிரி?"

"ஒண்ணும் இல்ல. பழைய துணி" என்றேன்.

தூண்மேல் அரக்கு பூசி, ஒரு குஞ்சமும் வைத்துக் கொடுத்தேன். அவள் கொழுந்தனே வந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான், தன் முகத்தைத் தானே பிடித்துக்கொண்டு. ராமலிங்கம் திரும்பி வரவில்லை என்று மட்டும் பின்னால் கேள்விப்பட்டேன். அந்தப் படம் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போய்ப் பார்க்கத் தோன்றும்.

மில் திறந்தது. அருளப்பன் சொன்னபடி நல்ல காடாவாகக் கொண்டுவந்து, சட்டம் அடித்து, அவரே வச்சிரமும் காய்ச்சித் தடவிக் கொடுத்தார். தோட்டத்துப் பக்கம் அது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தூண்களைக் கரியால் வரைந்தேன். அடுத்த ஞாயிறு அதன்முன் உட்கார்ந்தேன். எந்த முகத்தை எடுத்தாலும் இதை ஒருமுறை எழுதியாயிற்றே, தேய்த்தும் ஆயிற்றே என்றுதான் தோன்றியது. கரியைத் துடைத்துவிட்டு மீன் கழுவப் போனேன். மாமியார், "இன்னிக்கி கொழம்பு நல்லா இருக்குது" என்றார்.

பிறகு டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைகள் எழுதினேன். புதுச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம், அறுபத்திரண்டில், பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. பத்ரோனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த சீமைத் தூரிகைகளை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். "அன்னிக்கி நான் கேட்டிருக்கப்படாது" என்று ஆரம்பித்தார். "பரவால்லிங்க பத்ரோன்" என்று முடிக்கவிடாமல் சொல்லிவிட்டேன். மரியாதைக்குச் சொன்னது. பரவாயில்லாமல் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மாம்பழம், குடம், கொடியேற்றம், கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டி. பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், கட்டிக் கொடுத்தோம். சனி ஞாயிறு விடுமுறை வேறு. நேரமில்லை என்று நான் சொன்னால் அது பொய். நேரம் கொட்டிக் கிடந்தது. அருளப்பன் அடித்துக் கொடுத்த சட்டம் மூத்தவள் கல்யாணத்தில் பந்தலுக்குத் தடுப்பாக நின்றது, அப்புறம் கோழிக் கூண்டுக்கு மூடியானது. ஏன் எழுதவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும் போதெல்லாம், அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெருமையாகப் போன முதுகு என் கண்முன் வரும். இந்த மனுஷர் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. உள்ளுக்குள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னால்கூட எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம்தான் வரும்.

அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்று ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காம்புகளை ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"ஞானம், அன்னிக்கி நான் அத எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை.

"நீ வேணான்னு சொல்லுவன்னு நெனச்சேன். நீ சொல்லல. சரி, ஒனக்கு இஷ்டம்போலன்னு கெளம்பிட்டேன். பாதி வழியில திரும்பிப் பாத்தேன். நீ பின்னாலயே வந்துக்கினு இருந்த. அப்பக்கூட நீ சொல்லுவன்னுதான் பாத்தேன்."

கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்து அலசப் போட்டேன். அதுவரை கோபித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் இருந்தார். அன்று சாயங்காலத்தோடு அந்தக் கோபத்துக்கு ஆள் இல்லாமல் போனது.